கும்பிடுபூச்சியைக் கையில் எடுக்கும் விதமும், அக்கா வரவேண்டிய காரணமும்

சிவமயம்

சிங்கப்பூர், சிராங்கூன் றோட்டு
கீலக வருஷம், ஆவணி மாதம், சனிக்கிழமை காலை

சிரம்பானில் அத்தானோடும் மாமியாரோடும் சுகமாக வாழ்ந்திருக்கும் என் அன்புள்ள அக்கா கமலாம்பிகைக்கு, தங்கை குணமணி வணங்கி எழுதுவது. இங்கே ஐயாவும் நானும் சுகம். கிணற்றில் தண்ணீர் சுகம், சன்னலோர முருங்கையும் சுகம். உன் சுகத்தையும் உன் வயிற்றில் இருப்பவரின் சுகத்தையும் சிவபெருமான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் மாமியாருக்கும் வணக்கம் சொல். கடிதத்தின் மிச்சத்தைச் சொல்ல வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்று ஐயா கந்தோரில் வேலை முடித்து வந்து, சால்வையைக்கூட எடுக்காமல் வாசலில் நின்றபடியே வாசித்தார். தலைப்பிள்ளைப்பேற்றுக்கு இங்கே வரட்டுமா, அல்லது சிரம்பானிலேயே இருந்துவிடட்டுமா, வருவதென்றால் இந்த மாதத்துக்குள் போட்டிக்சனில் கப்பலேற வேண்டும், பிறகு இந்த வயிற்றோடு படகிலிருந்து கப்பலுக்கு ஏற முடியாது என்று கேட்டிருந்தாய். தாயில்லாத வீட்டைத் தாய்வீடு என்று எப்படிச் சொல்வது என்று உன் மாமியார் கேட்டதையும் எழுதியிருந்தாய். ஐயா அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் பாதி நின்றேன். உனக்குத் தெரியுமே, முழுதாக நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. "ஒரு பூச்சியைக் கவனமாய் வைச்சிருக்கத் தெரியாதவளை நம்பிப் பிள்ளைப்பேற்றுக்குக் கூப்பிடுறதோ? அவள் அங்கேயே இருக்கட்டும்" என்றார். நாளை ஞாயிற்றுக்கிழமை அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்து அப்படியே பதில் எழுதப் போகிறார்.

ஆகையால் அக்கா, அவருடைய கடிதத்துக்கு முன்னால் என் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். எனக்கு ஒரு பூச்சியைக் கவனமாக வைத்திருக்கத் தெரியும். அதை நிரூபிக்கத்தான் இத்தனை தாளும். நீ வாசித்துத் திருப்தியானால், புறப்பட்டு வருகிறேன் என்று அத்தானைக்கொண்டு ஒரு தந்தி அடிப்பித்தால் போதும். ஐயா தந்திக்கு எதிராக ஒரு சொல் சொல்ல மாட்டார். தந்தி என்றால் அவருக்குத் துரை நேரே வந்து சொன்ன மாதிரி. இந்தக் கடிதத்தை அவர் வாசித்துவிடுவாரோ என்று பயப்படாதே. தமக்கையும் தங்கையும் எழுதுவது ஊறுகாய் விஷயம் என்பது அவர் எண்ணம். மத்தியானம் வந்ததும் உறையில் இங்கிலீசில் விலாசம் எழுதித் தபாலில் போடுவார், அவ்வளவுதான்.

இனி அந்தப் பூச்சி யார் என்று சொல்ல வேண்டும். இந்த வருஷம் அம்மாவின் திவசத்துக்கு நீ இல்லை. உதவிக்கு வள்ளிநாயகி மாமி வந்தா. அடுத்த வீட்டு மாமியைத்தான் சொல்கிறேன், நம் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்னால் அறிந்தவ. கிராஞ்சியிலிருந்து ரயிலில் வந்த வாழையிலைக் கட்டை அவிழ்த்து, தலைவாழையிலையாகப் பார்த்துப் படையலுக்கு விரித்தோம். சோறு, பருப்பு, பாயசம் எல்லாம் வைத்து விளக்கையும் ஏற்றிய பிறகு பார்த்தால், இலையின் நுனியில் பச்சை நிறத்தில் ஒருவர் நிற்கிறார். விரல் நீளம். முன்னங்கால் இரண்டையும் மடித்துக் கும்பிட்டபடி, முகம் விளக்கைப் பார்த்தபடி. இலையோடு இலையாகக் கிராஞ்சியிலிருந்து ரயிலில் வந்திருக்கிறது, டிக்கட் இல்லாமல். ஆனால் மாமிக்கு அது ரயிலில் வந்ததாகத் தெரியவில்லை. நெடுஞ்சாண் கிடையாக விழுந்தா. "கமலத்தின்ர தாய் வந்திட்டா" என்று அழுதா. ஐயா இந்த மாதிரிக் கதைகளை நம்புகிறவர் அல்ல. ஆனால் அவர் அதை விரட்டவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பிறகு எங்கள் வீடு கோயிலாகிவிட்டது. மாமி சாமி அறையில் ஒரு செம்பில் கொய்யாக் கொப்பை நட்டு அதில் பூச்சியை எழுந்தருளச் செய்தா. அதை எப்படிச் செய்தா என்பதைப் பிறகு சொல்கிறேன்; அது பிழையான விதம். தெருப் பெண்கள் கற்பூரத்தோடு வந்தார்கள். கும்பிட்டுக்கொண்டே இருக்கிற சீவன் சுத்த சைவமாகத்தானே இருக்கும் என்று ஒருத்தி பால் வைத்தாள், ஒருத்தி கதலிப்பழம் வைத்தாள், மாமி தினமும் பாயசம் வைத்தா. அது எதையும் தொடவில்லை. விரதம் என்றார்கள். விரதம் நீள நீளப் புகழ் கூடியது. எனக்கு மட்டும் பயமாக இருந்தது. நம்மிடம் வந்த விருந்தாளி பட்டினி கிடக்கிறதே என்று இரவில் தூக்கம் வரவில்லை. ஒரு பகல், எல்லோரும் போன பின் அதன் முன்னால் சும்மா இருந்தேன். பாயசத்துக்கு ஒரு ஈ வந்தது. கும்பிட்ட கை ஒரு தரம் விரிந்ததை நான் காணவில்லை; மூடியதைத்தான் கண்டேன். அதற்குள் ஈ இருந்தது. இந்தத் தெரு மாட்டுப்பட்டிகளின் புண்ணியத்தில் சிராங்கூன் றோட்டில் ஈக்குப் பஞ்சமா? நைவேத்தியத்துக்கு ஈ வரும், ஈயைச் சாமி எடுத்துக்கொள்ளும். இத்தனை நாளும் அப்படித்தான் சீவித்திருக்கிறது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சைவ வீட்டுச் சாமி அறையில் இப்படி ஒரு சாப்பாடு நடக்கிறது என்று சொல்லலாமா? பாவம் யாருக்கு என்று நிறைய யோசித்தேன். கடைசியில், நான் கொல்லவில்லை, பாயசத்துக்குப் பக்கத்தில் சன்னலைத் திறந்து வைக்கிறேன், அவ்வளவுதான் என்று முடிவுக்கு வந்தேன். கும்பிடுவது உள்ளே, சாப்பாடு கிணற்றடியில் என்று ஒரு ஒழுங்கும் செய்தேன். அந்த ஒழுங்கைப் பூச்சி ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் எல்லாம் கூடியிருக்க, மாமி கண்ணை மூடிக்கொண்டு திருவாசகம் ஓத, வெளிச்சத்துக்கு ஒரு தத்துவெட்டி, பச்சை வெட்டுக்கிளி, பறந்து வந்து செம்பில் விழுந்தது. அக்கா, அது தலையிலிருந்து சாப்பிடத் தொடங்கியது. மொறுமொறு என்று சத்தமும் கேட்டது. மாமி கண்ணைத் திறந்தா. ஓதுவது நின்றுவிட்டது. அன்றைக்கே மாமி தீர்ப்பையும் மாற்றிவிட்டா: "உன்ர தாய் முட்டை மணத்தாலே தலைச்சுத்து வாறவ. இது அவ இல்லைப் பிள்ளை. இது கள்ளச் சாமி." பெண்கள் கற்பூரத்தையும் கதலிப்பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது அம்மா அல்ல என்று எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் ஒருவர் வாய்விட்டுச் சொல்லக் கேட்பது வேறு. பால் செம்பைக் கழுவும்போது கொஞ்சம் அழுதேன். பிறகு பூச்சியை ஒரு பழைய பிஸ்கட் தகரப் பேணியில் விட்டு, மூடிக்குப் பதிலாக மல்லுத் துணியைக் கட்டி, முன்னறைச் சன்னலில் வைத்துக்கொண்டேன். சாமியாக இருந்தவரை அது எல்லோருக்கும் சொந்தம். கள்ளச் சாமியான பிறகுதான் எனக்குக் கிடைத்தது.

கையில் எடுக்கும் விதத்தை இனிச் சொல்கிறேன், நன்றாகக் கவனி; இதில்தான் உன் பிரயாணம் தங்கியிருக்கிறது. மேலிருந்து பிடிக்கக் கூடாது. மாமி அப்படித்தான் பூப்பறிக்கிற மாதிரி முதுகில் பிடித்தா. உடனே கையில் வாங்கியும் கட்டினா. அந்தக் கும்பிட்ட கைகளின் உள்பக்கம் முழுதும் அரிவாள் பல். மாமியின் விரலில் இரத்தம் வந்தது. அதை மாமி அருள் என்று சொல்லிக் குங்குமத்தோடு சேர்த்துப் பூசிக்கொண்டா. மேலிருந்து வருவதெல்லாம் அதற்குக் குருவிதான். நாம் குருவி அல்ல என்று அதற்குச் சொல்ல ஒரே வழி, கீழே இருந்து மெதுவாகப் போவது. உள்ளங்கையை அதன் முன்னால் படி மாதிரி வைக்க வேண்டும். பிறகு ஒரு ஈர்க்கின் நுனியால் பின்னால் மெல்லத் தொட வேண்டும். தள்ளக் கூடாது, யாரோ வருகிறார்கள் என்று தெரிவிப்பது மாதிரி. அது யோசிக்கும். ஒரு காலைக் கையில் வைத்துப் பார்க்கும், எடுக்கும், மறுபடி வைக்கும். அவசரப்படக் கூடாது. தானாக ஏறினால் ஒன்றும் செய்யாது. மூச்சு முகத்தில் படக் கூடாது. பட்டால் கைகளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கும். கையை நிலத்துக்குக் கிட்டத்தில், பாய்க்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். வயிறு பெரிது, தோல் மெல்லிசு, உயரத்திலிருந்து விழுந்தால் பிழைக்காது. தண்ணீர் கிண்ணத்தில் வைக்கக் கூடாது, இலையில் தெளித்தால் துளியை வாயால் எடுக்கும். எடுப்பதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். முன்னால் அதற்காக, பின்னால் நமக்காக. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முழு நாளும் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும். எனக்கு முழு நாளும் இருக்கிறது.

இன்னொன்று. அது தலையைத் திருப்பும். வேறு பூச்சி எதுவும் அப்படிச் செய்து நான் காணவில்லை. பேசினால், நம்மைப் போலவே கழுத்தைத் திருப்பி, முகத்தை நேரே பார்க்கும். ஐயா காலையில் குடையை எடுத்துக்கொண்டு போனால், டிராம் வண்டியின் மணி தேய்ந்து போகும்வரை கேட்பேன். அதன் பிறகு வீட்டில் நான் ஒரு சொல் சொன்னால் அது சுவரில் பட்டு எனக்கே திரும்பி வரும். பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்தால் நிறுத்தியபோது நீ இருந்தாய்; அதனால் அது பெரிதாகத் தெரியவில்லை. நீ புத்தகத்தைக் குறையில் விட்ட இடத்திலிருந்து எனக்குச் சொல்லித் தந்தாய், நான் உனக்குக் கணக்குப் பிழையாகச் செய்து சிரிப்பூட்டினேன். இப்போது சமைக்கும்போது, இன்றைக்கு வெண்டிக்காய் கொஞ்சம் முற்றல் என்றால், அதைக் கேட்டுத் தலையைத் திருப்புகிற ஆள் வீட்டில் இது ஒன்றுதான். ஐயாவிடம் சொல்லலாம் என்று எழுதாதே. ஐயா வெண்டிக்காயைப் பற்றி, உப்பு அதிகம் என்றால் மட்டும்தான் பேசுவார். நல்லாய் இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். நானும் நன்றாகச் சமைக்கப் பழகிவிட்டேன். ஆகவே பேச்சே இல்லை.

ஒரு நாள் அது சாப்பிடாமல் துணியில் தலைகீழாகத் தொங்கியது. ஐயா கந்தோரால் வந்து குனிந்து பார்த்துவிட்டு, செத்துப்போச்சு, எறி என்றார். அது சாகவில்லை, சட்டை கழற்றப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு முறை கொய்யாக் கொப்பில் வெறுந்தோல் தொங்கக் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் தொட்டாலோ அசைத்தாலோ கை கால் கோணிப்போகும். ஐயா துணியை அவிழ்க்கக் கையை நீட்டினார். நான் நடுவில் போய் நின்றேன். "தொடாதேங்கோ ஐயா" என்றேன். அக்கா, என் குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஐயா பின்னுக்கு ஒரு அடி வைத்தார். அடிப்பாரோ என்று பார்த்தேன். குடையைக் கையில் பிடித்தபடியே நின்றார். முதுகு மெல்ல வெடித்து, பழைய சட்டைக்குள்ளிருந்து ஈரமாகத் தலை வந்தது, கை வந்தது, கடைசியில் நான்கு சிறகும் கசங்கிய பட்டு மாதிரித் தொங்கி விரிந்தன. விளக்கு ஏற்ற மறந்துபோனேன். ஐயாவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது, "உதுக்கு இப்ப பறக்க ஏலுமோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

சரி, இனி ஐயாவுக்குக் கோபம் வந்த கதை. அவருடைய கந்தோரில் பெரிய கிளாக்கர் பசுபதி என்று ஒருவர், சம்பள உயர்வுக்கு யாருடைய பெயரை எழுதுவது என்று அவர்தான் துரைக்குச் சொல்கிறவர், ஒரு பின்னேரம் நம் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் கதவடியில் வைத்துவிட்டு நான் பின்னால் நின்றேன். ஐயா எடுத்துக் கொடுத்தார். அந்த மனுஷருடைய தலைப்பாகையைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். அந்த மாதிரிச் சுற்ற இந்தத் தீவில் ஆள் இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கதவிடுக்கால் பார்த்தேன். பேணியின் துணி அவிழ்ந்திருந்தது. பூச்சி சன்னல் சீலையில் ஏறி, அவர் இருந்த கதிரையின் சாய்மானத்தில் இறங்கி, அங்கிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. அதற்கு எப்போதும் மேலே போக வேண்டும். இருக்கிற இடத்தில் எது உயரமோ அங்கே. அந்த அறையில் எது உயரம் என்று சொல்லத் தேவையில்லை. உச்சியில் ஏறி, முன்பக்கம் திரும்பி, ஒரு பதக்கம் மாதிரி அமர்ந்து கும்பிட்டது.

நான் என்ன செய்வது? வேற்று ஆம்பிளைக்கு முன்னால் வரக் கூடாது, பேசவும் கூடாது. இருமினேன். ஐயா உள்ளே வந்து சீனி போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். செம்பைத் தட்டினேன். மறுபடி வந்து, போதும் எண்டு சொன்னனானெல்லே என்றார். அவர் பெரிய கிளாக்கரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் அல்ல, மரியாதைக்கு நிலத்தையே பார்ப்பவர். ஆகவே தலைக்கு மேலே நடப்பது அவருக்குத் தெரியவில்லை. பசுபதி எழுந்தார், வணக்கம் சொன்னார், சாமியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிச் சிராங்கூன் றோட்டில் நடந்தார்.

நான் ஓடினேன் அக்கா. நீ கல்யாணமாகிக் கப்பலேறிய நாளுக்குப் பிறகு அந்தப் படியைத் தாண்டியது அன்றைக்குத்தான். செருப்பும் இல்லை. எருமை வண்டியும் ரிக்‌ஷாவும் பால்காரரும் நிறைந்த றோட்டில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று முதுகுக்குத் தெரிந்தது. டிராம் நிற்கிற இடத்தில் அவரைப் பிடித்தேன். வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது. தலையில் பூச்சி என்று கேட்டால் யாரும் ஓங்கி அடிப்பார்கள், பிறகு பூச்சி எங்கே? ஆகவே ஒழுங்கான விதத்தில் செய்தேன். இடது உள்ளங்கையை அவருடைய நெற்றிக்கு முன்னால் படியாகப் பிடித்தேன். வலது கையால் ஈர்க்கை அவர் தலைக்குப் பின்னால் கொண்டுபோனேன். ஓடும் அவசரத்தில் ஒற்றை ஈர்க்கை உருவ நேரமில்லாமல் முழு விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "என்ன பிள்ளை, எதையேனும் விட்டிட்டு வந்தனோ?" என்றார் அவர். இல்லை என்று தலையாட்டினேன். அதற்கு மேல் அவரும் அசையவில்லை. பூச்சி யோசித்தது. ஒரு கால் வைத்தது, எடுத்தது. டிராம் வந்து நின்று, ஏறாமல் நிற்கிறவரைப் பார்த்து மணியடித்துவிட்டுப் போயிற்று. பிறகு அது தானாகவே என் கையில் இறங்கியது. கையைத் தாழ்த்தி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பூச்சிக்குச் சேதமில்லை, தலைப்பாகையில் ஒரு நூல் கிளம்பவில்லை. இதைவிடக் கவனமாக ஒருவர் எப்படிச் செய்வது? ஆனால் கந்தோரில் அந்தக் கதை, ஐயாவின் இளைய மகள் பெரிய கிளாக்கரை நடுறோட்டில் மறித்து விளக்குமாறு ஓங்கினாள் என்று போயிருக்கிறது. சம்பள உயர்வுக்கு ஐயாவின் பெயர் போகவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் உன் கடிதம் வந்தது.

இப்போது நீயே சொல். குற்றம் துணி அவிழ்ந்தது. அதை இப்போது இரட்டை முடிச்சாகக் கட்டுகிறேன். மற்றபடி எனக்குப் பொறுமை இருக்கிறது, தாழ்த்திப் பிடிக்கத் தெரியும், பறிக்க மாட்டேன், மூச்சுப் படாமல் பார்ப்பேன், தொடக் கூடாத நேரத்தில் யார் வந்தாலும் நடுவில் நிற்பேன். பிள்ளைக்கு வேண்டியதும் இவைதானே. பிள்ளை தலைகீழாகத் தொங்காது என்று நம்புகிறேன். ஈ கொடுக்க மாட்டேன். மருத்துவிச்சி கதீஜாவையும் வேலியடியில் மறித்துக் கேட்டுவிட்டேன். ஆம், நானாகவே பேசினேன். வீட்டில் பெரிய பொம்பிளை இல்லையே என்றேன். "பேறு பாக்குறது என் வேலைம்மா. உனக்குத் தண்ணி கொதிக்க வைக்கத் தெரியுமா? அது போதும்" என்றாள். தெரியும். நன்றாகவே கொதிக்க வைப்பேன். உன் பாயைத் தட்டி வெயிலில் போட்டேன். சன்னலோர இடத்தை உனக்கு விட்டு நான் சுவரோரம் படுப்பேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். கிடந்தபடியே, வெண்டிக்காய் முற்றல் என்றால் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும்.

அம்மாவின் ஆசியும் சிவனுடைய திருவருளும் உன்னோடும் அத்தானோடும் கப்பலோடும் இருக்கட்டும். உன் மாமியாரின் கால்வலிக்கு நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சிப் போடு. தந்தியை எதிர்பார்த்துக்கொண்டு,

உன் கீழ்ப்படிவுள்ள தங்கை
குணமணி

பின்குறிப்பு. சனிக்கிழமை பின்னேரம்.

மேலே எழுதியதில் பூச்சியைப் பற்றிய எல்லாவற்றையும் விட்டுவிடு அக்கா. அது இல்லை. மத்தியானம் ஐயா வந்த பிறகு நான் குளிக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஐயா திறந்த சன்னலடியில், சால்வையைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, வெளியே முருங்கையைப் பார்த்து "வா, வா" என்று கன்றுக்குட்டியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். பேணியின் துணி நிலத்தில். இரட்டை முடிச்சைப் பல்லால் அவிழ்த்திருக்கிறார். என்னைக் கண்டதும் மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பொத்திய கைக்குள் ஈ இரைந்தது எனக்குக் கேட்டது. நம்முடைய ஐயா, எறும்பு போகும்வரை காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஐயா, ஒரு ஈயைப் பிடித்திருக்கிறார்.

நிலத்தில் கிடந்த துணியை எடுத்தேன். அவர்தான் பேசினார், சன்னலைப் பார்த்துக்கொண்டு.

"நீ கிணத்தடிக்குப் போற நேரத்தில நான் அதோட கொஞ்சம் கதைக்கிறனான், பிள்ளை."

எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. என்ன கதைப்பார் என்றும் கேட்கவில்லை. கந்தோரைப் பற்றியாக இருக்கலாம், அம்மாவைப் பற்றியும் இருக்கலாம். கையைத் திறந்து ஈயை விட்டார். பிறகு, "பூச்சியை விட்டது நான். நீ வடிவாத்தான் வைச்சிருந்தனி. கொக்காவை வரச் சொல்லி எழுது" என்றார். உன்னைத்தான் அக்கா. நாளைக்கு எழுதப்போவதாக இருந்த கடிதத்தை எழுத மாட்டாராம்.

ஆகவே தந்தி தேவையில்லை. நான் கெட்டிக்காரி என்று நிரூபிக்கவும் இனித் தேவையில்லை; நிரூபிக்கப் பேணியில் ஒன்றும் இல்லை. இத்தனை தாள் எழுதியதை எறிய மனமில்லாமல் அனுப்புகிறேன். மத்தியானம் சாப்பாடு பரிமாறப் போனபோது, ஐயா என்னையும் எதிரே இருந்து சாப்பிடச் சொன்னார். இதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை. இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் கதைக்க விருப்பம்தான். யார் முதலில் தொடங்குவது, எதைப் பற்றித் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. மோர் ஊற்றும்வரை அப்படியே இருந்துவிட்டு எழுந்துவிட்டோம்.

கெதியாய் வா.